ஜீவனாம்ச வழக்கை எடுத்த எடுப்பிலேயே தள்ளுபடி செய்ய முடியுமா? நீதிமன்றங்கள் சொல்வது என்ன?

பட்டாபிராம் டைடல் பார்க். 21 மாடிகளில் ஏதோ ஒரு மாடி. மதிய சாப்பாட்டு நேரத்தில் போன் அடிக்கிறது. மறுமுனையில் அம்மா. "கோர்ட்ல இருந்து கவர் வந்திருக்குப்பா. உன் பேரு போட்டிருக்கு."

பிரிந்து வாழும் மனைவி, தனக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கும் மாதம் 40 ஆயிரம் ரூபாய் ஜீவனாம்சம் கேட்டுப் போட்ட மனு அது. அன்று சாயங்காலமே வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்து அவர் கேட்கும் முதல் கேள்வி: "சார், அவளும் பி.இ. படிச்சவதான். அவளாத்தான் வீட்டை விட்டுப் போனா. இதை முதல் வாய்தாவிலேயே தள்ளுபடி பண்ண வைக்க முடியாதா?"

அதே நேரம் இரண்டு மூன்று ஸ்டேஷன் தள்ளி, அம்மா வீட்டு முன்னறையில் இருக்கும் அந்த மனைவிக்கு வேறு கவலை. ப்ரீ-கேஜி ஃபீஸ் கட்ட வேண்டும். வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிவிட்டது. "அவங்க ஏதோ மனு போட்டு கேஸையே இல்லாம பண்ணிடுவாங்களாமே, நிஜமா?"

இந்த இருவரும் உதாரணத்துக்காகச் சொல்லப்பட்டவர்கள். ஆனால் இந்த இரண்டு கேள்விகளும் குடும்ப நீதிமன்ற வராண்டாக்களில் தினமும் கேட்பவை. இதற்கான பதில் கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே சில முறை மாறியிருக்கிறது. மாறிய கதையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில் ஒரு அடிப்படை விஷயம்

வெளிநாட்டு சீரிஸ்களில் பார்ப்பதுபோல விவாகரத்து ஆனதும் சொத்தைப் பாதியாகப் பிரிக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. கோவா இதற்கு விதிவிலக்கு. அங்கே போர்ச்சுகீசியர் காலத்து சிவில் சட்டம் இன்னும் இருக்கிறது. மற்ற இடங்களில் பிரிந்த தம்பதிக்கு இடையிலான பணத் தகராறு என்றால் மாதாந்திர ஜீவனாம்சம், மொத்தமாகத் தரும் நிரந்தர ஜீவனாம்சம், குடியிருக்கும் உரிமை, சீர் நகைகளைத் திரும்பக் கேட்பது, சேர்ந்து லோன் போட்டு வாங்கிய ஃபிளாட் ஆகியவைதான்.

(2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்துகளில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்புக்கும் சம பங்கு உண்டு என்றது. பெரிய தீர்ப்புதான். ஆனால் அது அந்த வழக்கின் சாட்சியங்களை வைத்துச் சொன்னது. எல்லோருக்கும் பாதி என்று சட்டம் மாறிவிடவில்லை.)

இந்த ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு. ஜீவனாம்சத்துக்கு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144-வது பிரிவு. விவாகரத்து வழக்கு நடக்கும்போதே இடைக்காலமாகக் கேட்க இந்து திருமணச் சட்டம் 24-வது பிரிவு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டால் பணம், வீடு, பாதுகாப்பு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம்.

சட்டம் வேறு என்பதால் 'ஆரம்பத்திலேயே தள்ளுபடி' கேட்கும் வழியும் வேறு. நகை, ஃபிளாட் போன்ற சிவில் வழக்கு என்றால் சி.பி.சி.யின் 7-வது கட்டளை, 11-வது விதி. பிராதில் வழக்கு மூலமே இல்லை, வேறொரு சட்டம் இந்த வழக்கைத் தடுக்கிறது, கோர்ட் கட்டணம் குறைவு என்று சில காரணங்களைச் சொல்லி பிராதையே நிராகரிக்கச் சொல்லலாம். இங்கே பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. இந்த மனுவை விசாரிக்கும்போது நீதிபதி பார்ப்பது வழக்கு போட்டவர் எழுதியதை மட்டும்தான். எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது, அதற்கு என்ன ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கட்டத்தில் மேஜைக்கே வராது. நிராகரித்தாலும், குறையைச் சரிசெய்து மறுபடி வழக்கு போட 13-வது விதி அனுமதிக்கிறது.

ஜீவனாம்ச மனு என்றால் 'இந்த மனு நிலைக்கத்தக்கதல்ல' என்று அதே கோர்ட்டில் ஆட்சேபம் சொல்லலாம். குடும்ப வன்முறை மனு என்றால் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போய் ரத்து செய்யச் சொல்லலாம். சண்டையெல்லாம் இந்தக் கடைசி வழியில்தான் நடந்தது.

சென்னையில் ஆரம்பித்த சட்டச் சண்டை

குற்றவியல் வழக்குகளை ரத்து செய்ய உயர் நீதிமன்றங்களுக்கு இருக்கும் தனி அதிகாரம், பழைய சட்டத்தின் 482-வது பிரிவு. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குடும்ப வன்முறை மனு வந்ததுமே, 482-ல் ஒரு மனுவைப் போட்டு ஸ்டே வாங்குவது பல ஆண்டுகளாக ஒரு வழக்கமாகவே இருந்தது. ஸ்டே வந்துவிட்டால் கீழே விசாரணை நிற்கும். ஜீவனாம்ச உத்தரவும் நிற்கும்.

2021 ஜனவரி 18-ல் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் இதற்கு ஒரு முட்டுக்கட்டை போட்டார். 12-வது பிரிவு மனு என்பது கிரிமினல் புகாரே அல்ல, சிவில் தன்மை கொண்ட நிவாரணம் கேட்பது, அதனால் 482-ஐக் கையில் எடுத்துக்கொண்டு வரக் கூடாது என்றார். அரசியல் சாசனத்தின் 227-வது பிரிவின் கீழ் வரலாம், அதுவும் அபூர்வமாகத்தான். கூடவே கணவர் தரப்புக்கும் நியாயமான சில விஷயங்களைச் சொன்னது அந்தத் தீர்ப்பு. எதிர்மனுதாரர்களைக் குற்றவாளிகள்போல நடத்தி சம்மன் அனுப்ப வேண்டாம், வக்கீல் ஆஜரானால் நேரில் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம், சம்பந்தமே இல்லாத உறவினர்களை மாஜிஸ்திரேட் பரிசீலித்து நீக்கலாம்.

இதில் மாற்றுக் கருத்துகள் எழுந்ததால் விவகாரம் பெரிய அமர்வுக்குப் போனது. 2022 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் 482 பொருந்தாது என்றே சொன்னது.

நடுவில் இன்னொரு தமிழ்நாட்டு வழக்கு. ஒரு பெண் போட்ட குடும்ப வன்முறை மனுவை, 'சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் வந்திருக்க வேண்டும்' என்று சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. என்ன நடந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. காலண்டரைப் பார்த்தே வழக்கு முடிந்துவிட்டது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2022 ஏப்ரல் 13-ல் நீதிபதிகள் யு.யு.லலித், பி.எஸ்.நரசிம்மா அமர்வு அந்த உத்தரவைத் தூக்கியெறிந்தது. காரணம் எளிமையானது. காலவரம்பு என்பது குற்றத்துக்கு. இந்தச் சட்டத்தில், கோர்ட் போட்ட பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் குற்றமே பிறக்கிறது. உதவி கேட்டு மனு போடுவதற்கு அந்த ஒரு வருடக் கணக்கு பொருந்தாது. 'ரொம்ப லேட்டா வந்திருக்காங்க, தள்ளுபடி பண்ணுங்க' என்ற வாதத்தின் பலம் அன்றோடு போனது.

கடைசித் திருப்பம் 2025 மே 19. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அபய் எஸ்.ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு, 482-வது பிரிவின் கீழ், அதாவது இப்போதைய பி.என்.எஸ்.எஸ். 528-ன் கீழ், குடும்ப வன்முறை மனுக்களையும் உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்யலாம் என்றது. அப்படியென்றால் பழைய கதவு திறந்துவிட்டதா? திறந்தது, ஆனால் முழுசாக அல்ல. இந்த மனுக்கள் பெரும்பாலும் சிவில் தன்மை கொண்டவை, பெண்களுக்கு நீதி கிடைக்கவே இந்தச் சட்டம் வந்தது, அதனால் வெளிப்படையான சட்டவிரோதமோ அநீதியோ இருந்தால் தவிர உயர் நீதிமன்றங்கள் கை வைக்கத் தயங்க வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஒரு சுவாரஸ்யம்: நீதிபதி ஓகாவே 2016-ல் பாம்பே உயர் நீதிமன்றத்தில் இருந்தபோது இதற்கு நேர்மாறான தீர்ப்பில் பங்கெடுத்தவர். அது தவறு என்று இந்தத் தீர்ப்பிலேயே ஒப்புக்கொண்டார். கோர்ட் தீர்ப்புகளில் அடிக்கடி பார்க்க முடியாத காட்சி.

"அவளும் சம்பாதிக்கிறாளே சார்!"

தள்ளுபடி கேட்பவர்கள் அதிகம் நம்புவது இந்த வாதத்தைத்தான். ஆனால் சம்பாதிக்கத் தகுதி இருப்பதும், உண்மையில் சம்பாதிப்பதும் வேறு வேறு என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கொஞ்சம் சம்பாதிக்கிறார் என்பதாலேயே ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று அதற்கு முன்பே, 2014-ல் சொல்லியிருக்கிறது. தொகை குறையலாம், வழக்கு போய்விடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம், நல்ல படிப்பும் வேலை அனுபவமும் உள்ள ஒருவர் ஜீவனாம்சத்துக்காகவே சும்மா இருக்கக் கூடாது என்று சொல்லி, இடைக்காலத் தொகையை மறுத்த குடும்ப நீதிமன்ற உத்தரவை உறுதி செய்தது. வாட்ஸ்அப் குரூப்களில் இது 'படிச்ச பொண்ணுக்கு ஜீவனாம்சம் கிடையாது' என்று சுற்றியது. விஷயம் அது அல்ல. அந்தப் பெண்ணின் படிப்பு, பழைய வேலை, ஆவணங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் அந்த முடிவு வந்தது. பார்க்காமலே தள்ளுபடி என்பது அங்கும் நடக்கவில்லை.

'அவளாத்தான் போனா' என்பதும் இதே ரகம். போதுமான காரணம் இல்லாமல் கணவரோடு வாழ மறுத்தால் ஜீவனாம்சம் இல்லை என்று சட்டத்தில் இருக்கிறது, உண்மைதான். காரணம் போதுமானதா இல்லையா என்பதை எப்படி முடிவு செய்வது? இருவரையும் கூண்டில் ஏற்றிக் கேட்டால்தான். 'சேர்ந்து வாழ வா' என்று கணவர் கோர்ட்டில் ஆணை வாங்கி, அதை மனைவி மதிக்காவிட்டாலும்கூட, அது ஒன்றை மட்டும் வைத்து ஜீவனாம்சத்தை மறுத்துவிட முடியாது என்று 2025 ஜனவரி 10-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. 'டைவர்ஸ் ஆயிடுச்சே' என்பது இன்னும் பலவீனம். மறுமணம் செய்யாத, தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாத விவாகரத்தான பெண்ணும் 'மனைவி' என்ற சொல்லுக்குள் வருவார் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

லண்டனிலும் இதே கேள்வி

இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு இதற்குப் பொருத்தமானது. டேல் வின்ஸ் என்பவர் ஈக்கோட்ரிசிட்டி என்ற காற்றாலை மின்சார நிறுவனத்தை ஆரம்பித்துப் பெரும் கோடீஸ்வரர் ஆனவர். 1981-ல் கல்யாணம், சில ஆண்டுகளிலேயே பிரிவு, 1992-ல் விவாகரத்து. அப்போது இருவரிடமும் காசே கிடையாது. வேனில் ஊர் ஊராகச் சுற்றிய நாடோடி வாழ்க்கை. அவர் பணக்காரர் ஆனதெல்லாம் அதற்குப் பிறகு. விவாகரத்தாகி கிட்டத்தட்ட 20 வருஷம் கழித்து, 2011-ல் முன்னாள் மனைவி பணம் கேட்டு வழக்கு போட்டார்.

நம்மூரில் யாரிடம் சொன்னாலும் 'இதெல்லாம் ஒரு கேஸா?' என்றுதான் கேட்பார்கள். இங்கிலாந்தின் அப்பீல் கோர்ட்டும் 2013-ல் அப்படித்தான் நினைத்து வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனால் 2015 மார்ச்சில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வழக்கைத் திரும்ப உயிர்ப்பித்தது. குடும்ப வழக்கில் பணம் சம்பந்தமாக முடிவெடுக்கும் நீதிபதி எல்லாச் சூழ்நிலைகளையும் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, 'இது ஜெயிக்காது போலிருக்கே' என்று ஊகித்து முன்வாசலிலேயே திருப்பி அனுப்ப முடியாது என்பது காரணம். அந்த அம்மா தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்ததும் அந்தச் சூழ்நிலைகளில் ஒன்று. கேட்டது 19 லட்சம் பவுண்டு. அவ்வளவெல்லாம் கிடைக்காது என்பதையும் அதே தீர்ப்பு கோடிகாட்டியது. கடைசியில் 2016-ல் 3 லட்சம் பவுண்டுக்கு சமரசம் ஆனது.

அப்போ, எதுதான் தள்ளுபடி ஆகும்?

ஆகும் வழக்குகளும் இருக்கின்றன. குடும்ப வன்முறை மனுவில் கணவரோடு சேர்த்து, வேறு ஊரில் தனிக்குடித்தனம் இருக்கும் நாத்தனார், அவர் வீட்டுக்காரர், சித்தப்பா என்று நீளமான பட்டியலைச் சேர்த்திருந்தால், ஒரே வீட்டில் வாழ்ந்ததே இல்லை என்ற அளவில் அவர்கள் மீதான பகுதி மட்டும் ரத்தாவது சகஜம். கணவர் மீதான பகுதி அப்படியே நடக்கும். சம்பந்தமே இல்லாத ஊர் கோர்ட்டில் போட்டிருந்தால் மனு திரும்பி வரலாம், சரியான இடத்தில் மறுபடி போட வேண்டியதுதான். முன்பே ஒரு கோர்ட்டில் ஜீவனாம்சம் வாங்கிக்கொண்டு, அதை மறைத்து இன்னொரு கோர்ட்டில் கேட்டால் சிக்கல். ஆனால் இரண்டாவது மனுவே செல்லாது என்பதில்லை. முதல் உத்தரவைச் சொல்லிவிட வேண்டும், அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள்.

'பரஸ்பர சம்மதத்தோட பிரிஞ்சோம், இனி எதுவும் கேட்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்தாளே' என்பது கொஞ்சம் வலுவான வாதம். அதிலும் ஓட்டை ஒன்று உண்டு. குழந்தைக்கான பணத்தை அம்மா விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட முடியாது. அது குழந்தையின் உரிமை.

சட்ட நுணுக்கம் எதுவுமே இல்லாமல் வழக்கு போகும் வழி ஒன்றும் இருக்கிறது: வாய்தாவுக்குப் போகாமல் இருப்பது. லீவு கிடைக்கவில்லை, ஷிப்ட் மாறிவிட்டது, வக்கீல் போன் எடுக்கவில்லை என்று மனுதாரர் தொடர்ந்து வராமல் இருந்தால் 'ஆஜராகாததால் தள்ளுபடி' ஆகும். சிவில் வழக்கில் அதை மீட்டெடுக்க 30 நாட்கள்தான்.

நிலுவை ஏறிக்கொண்டே இருக்கும்

தள்ளுபடி மனு போட்டால் டைம் கிடைக்கும், அதுவே லாபம் என்று நினைப்பவர்களுக்கு 2020 நவம்பர் 4-ல் வந்த ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பை வாசிக்கக் கொடுக்கலாம். அந்த வழக்கில் மனைவி 2013-ல் மனு போட்டார். குடும்ப நீதிமன்றம் 2015-ல் மனைவிக்கு மாதம் 15 ஆயிரம் ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் தரச் சொன்னது, குழந்தைக்குத் தனியாக. அந்த இடைக்கால உத்தரவு மீதான சண்டையே உச்ச நீதிமன்றம் வரை வந்து முடிய மொத்தம் ஏழு வருஷம். இடைக்காலத் தொகைக்கு மட்டும்! இத்தனைக்கும் நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளில் இடைக்கால மனுவை முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

நொந்துபோன உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கப் பொருந்தும் விதிகளைப் போட்டது. கணவன், மனைவி இருவருமே சம்பளம், பேங்க் கணக்கு, லோன், பி.எஃப்., நகை, சொத்து என்று எல்லாவற்றையும் ஒரு பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். பதில் தர அதிகபட்சம் நான்கு வாரம். இழுத்தடித்து இரண்டு வாய்ப்புக்கு மேல் கேட்டால், எதிர்மனுதாரரின் எதிர்வாதத்தையே கோர்ட் நீக்கிவிடலாம். அதாவது, மனைவியின் வழக்கைத் தள்ளுபடி செய்ய வைக்கப் போனவர், தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பையே இழக்க நேரிடும். பொய்க் கணக்குக் காட்டினால் தனி நடவடிக்கை, அது மனைவிக்கும் சேர்த்துத்தான்.

இன்னொரு விதிதான் பர்ஸை நேரடியாகத் தொடுவது. ஜீவனாம்சம் உத்தரவு வந்த தேதியிலிருந்து அல்ல, மனு போட்ட தேதியிலிருந்து. நம் உதாரணத்துக்கே வருவோம். அந்த டைடல் பார்க் ஊழியர் 'நிலைக்கத்தக்கதல்ல' என்று ஆட்சேபம் எழுப்பி 14 மாதம் ஓட்டுகிறார் என்று வைப்போம். அதன் பிறகு கோர்ட் மாதம் 18 ஆயிரம் ரூபாய் நிர்ணயிக்கிறது. அன்றைக்கே அவர் கணக்கில் நிலுவை 2 லட்சத்து 52 ஆயிரம் ரூபாய். வக்கீல் ஃபீஸ் தனி. ஆட்சேப மனு போட்டதாலேயே இடைக்கால ஜீவனாம்ச விசாரணை தானாக நின்றுவிடுவதும் இல்லை. மேல் கோர்ட்டில் ஸ்டே வாங்கினால்தான் நிற்கும்.

மனைவி தரப்பும் தூங்கிவிடக் கூடாத இடம் ஒன்று: உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால், பி.என்.எஸ்.எஸ். 144-ன் கீழ் அந்தத் தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வசூல் மனு போட்டாக வேண்டும். 'அவரா கொடுப்பாரு' என்று இரண்டு வருஷம் காத்திருந்தால் பழைய பாக்கியை வாரன்ட் மூலம் வசூலிப்பது கஷ்டம்.

வேலை போய்விட்டது, சம்பளம் குறைந்துவிட்டது என்றால்? ஐ.டி. துறையில் இது கற்பனை இல்லை. அதற்கு வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்வது வழி அல்ல. சூழ்நிலை மாறியதைக் காட்டித் தொகையைக் குறைக்க பி.என்.எஸ்.எஸ். 146-ல் மனு போடலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தில் அதற்கு 25-வது பிரிவு இருக்கிறது. ரிலீவிங் லெட்டரும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கையில் இருந்தால் கோர்ட் கேட்கும்.

பட்டாபிராம்காரர்கள் எங்கே போக வேண்டும்?

இதில் நிறைய பேர் குழம்புகிறார்கள். அட்ரஸில் சென்னை 600072 என்று இருக்கும். ஆனால் பட்டாபிராம் இருப்பது ஆவடி வட்டம், திருவள்ளூர் மாவட்டம். அதனால் ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கும் சென்னை குடும்ப நீதிமன்றத்துக்கு எல்லாரும் போய்விட முடியாது. வழக்கின் வகையைப் பொறுத்து பெரும்பாலும் திருவள்ளூர் அல்லது பூந்தமல்லி பக்கம்தான் அலைய வேண்டியிருக்கும். மனைவி வேறு ஊரில் அம்மா வீட்டில் இருந்தால் அந்த ஊரிலேயே ஜீவனாம்சமோ குடும்ப வன்முறை மனுவோ போடலாம், சட்டம் அனுமதிக்கிறது. 'கல்யாணம் இங்கதான் நடந்தது, அங்க எப்படிப் போடலாம்?' என்று எழுப்பப்படும் ஆட்சேபம் இதனால்தான் நிற்பதில்லை.

வக்கீல் வைக்கக் காசில்லை என்றால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அதைத் தருகிறது. 15100-க்கு போன் செய்தால் போதும். குடும்ப வன்முறை என்றால் 181.

டைடல் பார்க்கில் கவர் வந்த நம் உதாரண நபர் வக்கீல் ஆபீஸிலிருந்து கிளம்பும்போது கையில் இருக்கப்போவது அநேகமாக தள்ளுபடி மனு அல்ல. பக்கம் பக்கமாக நீளும் அந்தப் பிரமாணப் பத்திரப் படிவம்தான். அதில் பே ஸ்லிப், ஐ.டி.ஆர்., கார் லோன் இ.எம்.ஐ., அப்பாவுக்குக் கட்டும் இன்சூரன்ஸ் பிரீமியம் வரை எழுத இடம் இருக்கிறது. நிரப்பித் தர நான்கு வாரம்.